காசுக்காரர் பதில்கள்: ரோமக் காசும் சுத்தியல் அடியும்

(கோவையில் நெடுங்காலம் நகைப் பட்டறை நடத்திவிட்டு, இப்போது பழங்காசுகளோடு பொழுதைக் கழிப்பவர் நம் காசுக்காரர். ரோமக் காசு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் மெஷின் கிடையாது. அப்படியிருக்க, ரோமக் காசில் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறதே! உருக்கி வார்த்தார்களா?
– திருப்பூர் வாசகர்

வார்க்கவில்லை, அடித்தார்கள். ஆதியில் ஒரு ரோம ராத்தல் (சுமார் 325 கிராம்) எடைக்குப் பெரிய பெரிய வெண்கலக் காசுகளை வார்த்தது உண்டு. ஆனால் நாம் ரோமக் காசு என்றதும் நினைக்கிற வெள்ளித் தெனாரியஸ், பொன் ஆரெயஸ் எல்லாம் சுத்தியல் அடியில் பிறந்தவை.

முதல் வேலை அச்சு செதுக்குவது. வெண்கலத்திலோ இரும்பிலோ ஒரு கட்டை. அதன் முகப்பில், சுண்டுவிரல் நக அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், சக்கரவர்த்தியின் முகத்தைப் பள்ளமாகச் செதுக்க வேண்டும். மூக்கு பள்ளம், கன்னம் பள்ளம், காதுமடல் அதற்குள் இன்னொரு பள்ளம். எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பி வெட்ட வேண்டும். நானும் நகை அச்சு வெட்டியவன்தான். மாங்காய், இலை, பூ என்றால் திருப்பி வெட்டுவதில் கஷ்டமில்லை. ஒரு மனிதனின் முகத்தை, அதுவும் ஊரே அடையாளம் காணும்படியாக, பள்ளத்தில் கொண்டுவருவது வேறு கதை. தெனாரியஸின் விட்டம் 18, 19 மில்லிமீட்டர்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்படி ஒரு காசுக்கு இரண்டு அச்சு. முகம் உள்ள அச்சைப் பட்டறைக்கல்லில் அசையாமல் பதித்துவிடுவார்கள். மறுபக்கத்து அச்சு ஒரு தடித்த உளி மாதிரி கையில் இருக்கும். எடை பார்த்துத் தயாரித்த வில்லையைச் சூடாக்கி, குறட்டால் எடுத்துக் கீழ் அச்சில் வைப்பார் ஒருவர். மேல் அச்சை அதன்மேல் நிறுத்தியதும் சுத்தியல்காரர் ஒரே போடு. வேண்டுமானால் இன்னொன்று. குறட்டால் எடு, அடுத்ததை வை. அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடி நேராக விழுவது மேல் அச்சில். கீழ் அச்சு கல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேல் அச்சுதான் சீக்கிரம் தேயும், விரிசல் விடும், உடையும். முகம் உள்ள ஓர் அச்சு உழைத்து முடிப்பதற்குள் மறுபக்கத்து அச்சு சில மாறிவிடும். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, எந்த முக அச்சோடு எந்த மறுபக்க அச்சு சேர்ந்தது என்று கோத்துக்கோத்து, எந்தக் காசு முதலில் அடிக்கப்பட்டது, எது பின்னால் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள்.

அப்புறம், விளிம்பு. இன்றைய நாணயச்சாலையில் வில்லையைச் சுற்றி வளையம் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். ரோமில் அது இல்லை. அடித்ததும் உலோகம் இஷ்டப்படி வெளியே ஓடும். ஆகவே எந்தக் காசும் சுத்த வட்டமாக இருக்காது. ஓரத்தில் சின்ன வெடிப்பு இருக்கும். படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, பாதி எழுத்து வெளியே போயிருக்கும். புதிதாகச் சேகரிப்பவர்கள் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அந்த ஓரம்தான் முதல் சாட்சி.

பட்டறையையே காசில் பார்க்க ஆசையா? கி.மு. 46-இல் டைட்டஸ் கரிசியஸ் என்ற நாணய அதிகாரி வெளியிட்ட தெனாரியஸைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் மொனேட்டா தெய்வத்தின் தலை. ரோமின் பழைய நாணயச்சாலை அந்தத் தெய்வத்தின் கோயிலை ஒட்டித்தான் கேபிடோலின் குன்றில் இருந்தது. மறுபக்கம் நடுவில் பட்டறைக்கல், ஒரு புறம் குறடு, மறுபுறம் சுத்தியல், சுற்றிலும் வாகை மாலை. கல்லுக்கு மேலே இருப்பது மேல் அச்சு என்று சிலரும், கொல்லர் தெய்வமான வல்கனின் குல்லாய் என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு அச்சாகத்தான் படுகிறது. பட்டறைக்காரன் கண் அப்படி! தலைவர்களும் தேர்களும் தெய்வங்களும் நிறைந்த காசு வரிசையில் நாலு கருவிக்கு இடம் கொடுத்த அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

வேலை செய்தவர்களின் பெயர்களும் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கி.பி. 115-இல் ரோம் நாணயச்சாலை ஆட்கள் தெய்வங்களுக்கு வைத்த கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. வில்லை வைப்பவர், சுத்தியல் அடிப்பவர் என்று தொழில்வாரியாகப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். அவர்களில் அடிமைகளும் உண்டு, விடுதலை பெற்றவர்களும் உண்டு.

இணையத்தில் ஒரு ரோமக் காசு பார்த்தேன். ஒரு பக்கம் முகம் மேடாக இருக்கிறது. மறுபக்கமும் அதே முகம், ஆனால் பள்ளமாக, திரும்பி இருக்கிறது. போலிதானே?
– காரைக்குடி வாசகி

அவசரப்படாதீர்கள். அடித்த காசு சில சமயம் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், கீழே வழக்கம்போல முகம் விழும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் காசின் முகம் இந்த வில்லையில் குழியாகப் பதியும். ஒரு நாளைக்கு அத்தனை காசு அடிக்கிற இடத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலத்துப் பொற்காசின் மதிப்பு நம் கணக்கில் எவ்வளவு இருக்கும்?
– சேலம் வாசகர்

எடையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். ஒரு ராத்தல் பொன்னுக்கு சுமார் 40 காசு என்ற கணக்கில் அடித்தார்கள். ஒன்று 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நம் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கீழே. மாற்றோ 22 காரட்டெல்லாம் இல்லை, கிட்டத்தட்ட சொக்கத் தங்கம். ஒரு பொற்காசுக்கு 25 வெள்ளித் தெனாரியஸ். ஒரு தெனாரியஸுக்கு 4 செஸ்டெர்ஷியஸ். படைவீரனுக்கு வருடச் சம்பளம் 225 தெனாரியஸ், அதாவது 9 பொற்காசு. சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்தம் வேறு. உயிரைக் கொடுக்கிற வேலைக்கு வருடத்துக்கு ஒன்பது பவுன்கூட முழுசாக இல்லை.

எங்கள் கொங்குப் பக்கம் ரோமக் காசு இவ்வளவு கிடைப்பது ஏன்?
– காங்கேயம் வாசகர்

உங்கள் ஊரும் ஒரு காரணம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லுக்கு ரோமில் கிராக்கி. கொடுமணலில் கல் பட்டை தீட்டும் பட்டறைகளும் இரும்பு உலைகளும் இருந்ததை அகழாய்வில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மேற்குக் கரையில் முசிறியில் இறங்கிய சரக்கும் பணமும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்தன. வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் காசுகள்.

யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போன சங்கப் பாட்டை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் எடையைச் சொல்கிறேன். ரோம எழுத்தாளர் பிளினி, இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஷியஸை உறிஞ்சுகிறது என்று புலம்பினார். 100 செஸ்டெர்ஷியஸுக்கு ஒரு பொற்காசு என்றால் 5 லட்சம் பொற்காசு. அவர் காலத்து எடையில் மூன்றரை டன்னுக்கு மேல் வரும். பிளினி கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டாலும் சும்மாவா?

ஏன் அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் வெள்ளிக் காசு இங்கே இப்படிக் குவிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கி.பி. 64-இல் நீரோ காசின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்று இருந்தது 96 ஆனது. மாற்றும் இறங்கியது. ரோமுக்குள் அரசன் முத்திரை இருந்தால் போதும், காசு செல்லும். இங்கே நம் வியாபாரி அரசன் முகத்தையா பார்த்தான்? தராசைப் பார்த்தான், வெள்ளியின் மாற்றைப் பார்த்தான். நீரோவுக்குப் பிந்தைய வெள்ளிக் காசு தென்னிந்தியாவில் அரிதாகத்தான் கிடைக்கிறது. மாற்றுக் குறைவைக் கண்டுபிடிக்க ரோமிலிருந்து யாரும் வந்து சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கிளாடியஸ் காலத்தில் காற்றில் திசைமாறி இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்த ரோம ஆள் ஒருவனிடம் இருந்த தெனாரியஸ்களைப் பார்த்து, வெவ்வேறு அரசர்களின் முகம் இருந்தும் எடை ஒன்றாகவே இருக்கிறதே என்று அந்நாட்டு அரசன் ரோமரின் நேர்மையை மெச்சினானாம். இதையும் எழுதிவைத்தவர் பிளினிதான். நல்லவேளை, அந்த அரசன் நீரோவுக்கு முன்பே எடை போட்டுவிட்டான்.

புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த ரோமப் பொற்காசுகளில் முகத்தின் குறுக்கே வெட்டு இருக்கிறதாமே. ஏன்?
– புதுக்கோட்டை கல்லூரி மாணவர்

1898-இல் கிடைத்த புதையல் அது. 501 பொற்காசுகள். அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரை. பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமீது உளியால் ஒரு வெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்று ஒரு கட்சி. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்னாகத்தான் மதிப்பு என்று காட்ட வெட்டினார்கள் என்று இன்னொரு கட்சி.

நான் இரண்டாவது கட்சி. உலோகத்தைச் சோதிக்க நினைக்கும் பொன்வேலைக்காரன் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல் போட்டு உரைகல்லில் பார்ப்பான். முகத்துக்கு நடுவே உளியை நிறுத்த மாட்டான். அந்த வெட்டு முகத்துக்காகவே விழுந்த வெட்டு.

செம்புக்கு மேல் வெள்ளித் தகடு சுற்றிச் சூடாக்கி அடித்த கள்ளக் காசுகள் ரோமிலேயே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அங்கே காசு மாற்றுபவர்கள் குத்திப் பார்த்தார்கள், கீறிப் பார்த்தார்கள். அந்தத் தழும்புகள் பல தெனாரியஸ்களில் இன்றும் தெரிகின்றன.

பிற்காலத்து ரோமக் காசுகளில் வெள்ளி உரிந்து செம்பு தெரிவது ஏன்?
– திண்டுக்கல் வாசகர்

அரசாங்கமே கள்ளக் காசு அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மூன்றாம் நூற்றாண்டில் ஓயாத போர், படைக்குச் சம்பளம், கஜானா காலி. கி.பி. 215-இல் காரகல்லா ஒரு புதுக் காசு விட்டார். இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று பேர், வெள்ளி ஒன்றரைக்குத்தான். 270 வாக்கில் அதே வகைக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மேலுக்கு மட்டும் வெள்ளிப் பூச்சு. ஆரேலியன் சக்கரவர்த்தி நாணயச்சாலையைச் சீர்படுத்தப் போனபோது அங்கிருந்த தொழிலாளர்களே கலகம் செய்தார்கள். அதை அடக்குவதற்குள் 7,000 வீரர்கள் செத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காசுப் பட்டறையில் எவ்வளவு கை விளையாடியிருந்தால் இப்படி ஒரு சண்டை நடக்கும்!

கறுத்துப்போன பழைய காசைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?
– நாகர்கோவில் வாசகி

வேண்டாம். குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெண்கலக் காசின் மேல் படிந்திருக்கும் பச்சையும் பழுப்பும் அழுக்கு இல்லை. அந்தத் தோலில்தான் எழுத்தும் உருவமும் தங்கியிருக்கின்றன. அமிலம் பட்டால் தோலும் போகும், விலையும் போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை அவ்வப்போது மாற்றி, மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். கம்பிப் பிரஷைக் கண்ணில் காட்டாதீர்கள்.

வெளிர்பச்சையில் மாவு மாதிரி பூத்துக் கொட்டினால் மட்டும் கவலைப்படுங்கள். அது உப்பும் ஈரமும் சேர்ந்து காசை அரிக்கிற நோய். அந்தக் காசைத் தனியாக, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையும் ஆகாது. நாளாக நாளாகப் பச்சைப் பிசின் விடும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– பல வாசகர்கள்

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். போலிக்காரன் முழு உழைப்பையும் முகத்தில் போடுவான், ஓரத்தில் அசந்துவிடுவான். வார்த்த போலியில் இரண்டு அச்சும் சேரும் கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அரம் போட்டு மறைத்திருப்பான். அப்போது அரத்தின் கோடு தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பரப்பில் குட்டிக் குட்டிக் குமிழிப் பள்ளங்கள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். நிஜமாக அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து வெளியே ஓடிய மெல்லிய கோடுகள் எழுத்துகளின் ஓரத்தில் தெரியும்.

ஒரே மாதிரி இரண்டு காசு, ஒரே இடத்தில் ஒரே பள்ளம், ஒரே ஓர வெடிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓர் அச்சில் ஆயிரம் காசு அடிக்கலாம். வெடிப்பு இரண்டு காசுக்கு ஒன்றாக விழாது.

எல்லாப் போலியும் இவ்வளவு சுலபத்தில் மாட்டாது. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்று ஒருவர் இருந்தார். அச்சைத் தானே செதுக்கி, அந்தக் காலத்து முறைப்படி அடித்தவர். புதுக் காசின் பளபளப்பு போக, இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த பெட்டியில் காசுகளைப் போட்டு, குதிரை வண்டியில் பொருத்திச் சவாரி போவாராம். 'என் பழைய பெரியவர்களைக் காற்று வாங்கக் கூட்டிப் போனேன்' என்று அதற்குப் பேர் வேறு. இன்றைக்கு அவருடைய போலிகளையே தனியாகச் சேகரிக்கிறார்கள். அவர் செய்தது மோசடிதான். கை மட்டும் தேர்ந்த கை.

இன்னொன்று: போலியா என்று பார்க்க உரைகல்லில் தேய்க்கிறேன் என்று நகைக்கடைக்குப் போகாதீர்கள். அங்கே பொன்னா இல்லையா என்றுதான் சொல்வார்கள், ரோமா இல்லையா என்று சொல்ல மாட்டார்கள். தேய்ந்த இடம் தேய்ந்ததுதான்.

ஆற்று மணலில் ஒரு பழைய காசு கிடைத்தது. வைத்துக்கொள்ளலாமா, விற்கலாமா?
– கரூர் வாசகர்

100 வருடத்தைத் தாண்டிய எந்தக் காசும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். அதை வாங்கி விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. இன்னும் அது அமலில் இருக்கிறது. கிடைத்த இடத்தையும் குறித்துக் கொடுங்கள். இடம் தெரியாத காசு பாதிக் காசுதான்.

உலகத்திலேயே விலை அதிகமான ரோமக் காசு எது?
– விழுப்புரம் பள்ளி மாணவி

சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42-இல் அடித்த பொற்காசு. ஒரு பக்கம் புரூட்டஸின் தலை. மறுபக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே கொலை நடந்த மார்ச் 15-ஐக் குறிக்கும் எழுத்து. கொலையைக் காசில் போட்டு விளம்பரம் செய்த துணிச்சலைப் பாருங்கள்! 2020-இல் லண்டன் ஏலத்தில் ஒன்று சுமார் 32 லட்சம் பவுண்டுக்குப் போனது. பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று காட்டிய காகிதங்கள் பொய் என்று தெரிந்து, 2023-இல் கிரீஸ் நாட்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சின்ன பட்ஜெட்டில் தொடங்க என்ன காசு வாங்கலாம்?
– சென்னை ஐடி ஊழியர்

முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் நிஜக் காசுகளைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இணையத் தரவுத்தளத்தில் ரோமப் பேரரசின் காசு வகைகளைப் படத்தோடு இலவசமாகத் தேடலாம். வாங்குவதானால் உரிமம் உள்ளவரிடம், ரசீதோடு.

பொன்னும் வெள்ளியும் இருக்கட்டும். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி குடும்பத்தின் சின்ன வெண்கலக் காசில் தொடங்குங்கள். கோடிக்கணக்கில் அடித்தவை, விலை குறைவு. அதில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கும் வகை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடி இருந்தால் 330-க்கும் 335-க்கும் இடைப்பட்டது. பிறகு காசின் அளவைச் சுருக்கியதும் இரண்டு கொடிக்கு இடம் பற்றாமல் ஒன்றாக்கிவிட்டார்கள். விலைவாசி ஏறிய கதை அந்தக் கொடியிலேயே இருக்கிறது. இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். வீரர்களின் காலடியில் உள்ள எழுத்துதான் எந்த ஊர் நாணயச்சாலை என்று சொல்லும். அந்த எழுத்து காசுக்குள் முழுசாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.